ஜப்பான் படங்க அமைதி, ஜப்பான் டிராமாக்க சரியான வாயாடி

ஜப்பான் படம்னாலே ஸ்லோவா போகும், யாரும் பேச மாட்டாங்க, மழையை பாத்துட்டே உக்காந்திருப்பாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு. படத்துக்கு அது ஓரளவு சரிதான். ஆனா டிவி டிராமா பக்கம் போய் நாலு சீரிஸ் பாத்துட்டு வந்தீங்கன்னா சிரிப்புதான் வரும், ஏன்னா அங்க எவனும் வாயை மூடவே மாட்டான். வில்லன் உக்காந்து தன் திட்டத்தை புட்டு புட்டு வைப்பான், ஹீரோ மூச்சு விடாம நியாயம் பேசுவான், சுத்தி நிக்கறவங்க வாய பொளந்துட்டு "அப்டின்னா இது..."ன்னு எடுத்துக் குடுப்பாங்க, அதுவும் பத்தாதுன்னு பின்னாடி ஒரு குரல் வேற கதை சொல்லும். ஒரே நாடு, பாதி நேரம் அதே நடிகருங்க, ஆனா தியேட்டர்ல ஒரு மாதிரி டிவில வேற மாதிரி. ரெண்டையும் மாத்தி மாத்தி பாத்ததுல எனக்கு தோணினது, டிராமாவை அவங்க காதுக்காக எழுதறாங்க, படத்தை கண்ணுக்காக எடுக்கறாங்க. இது தெரியாம படம் மாதிரி டிராமாவையும் டிராமா மாதிரி படத்தையும் பாத்தா ரெண்டுலயும் கடுப்புதான் மிஞ்சும்.

காதுக்காகன்னு சொல்றது சும்மா வாய்க்கு வந்தது இல்ல. ஜப்பானோட பொதுச் சேனலான என்எச்கேல காலையில 15 நிமிஷம் ஒரு தொடர் போடுவாங்க, ஆசாடோரான்னு சொல்வாங்க, 1961லேர்ந்து ஓடற வழக்கம் அது. ரேடியோல தொடர்கதை கேட்டு பழகின ஜனங்களுக்காக வந்த வடிவம், அதனால கதை சொல்ற குரல் ஒண்ணு கூடவே வந்துட்டே இருக்கும். காலையில யாருக்கு டிவி முன்னாடி உக்கார நேரம் இருக்கு, ஒருத்தர் சாக்ஸ் தேடுவார், ஒருத்தர் அடுப்புகிட்ட நிப்பார், காதுல விழுந்தா கதை புரிஞ்சிடணும், அவ்ளோதான் கணக்கு. இதுல எல்லாத்துக்கும் பெரியக்கா ஓஷின். 1983-84ல 297 எபிசோட், சராசரி ரேட்டிங் 52.6 சதவீதம், உச்சத்துல 62.9. யமகாட்டா பக்கம் ஏழை குத்தகை விவசாயி வீட்டுல பொறந்த ஏழு வயசு பொண்ணை ஒரு மூட்டை அரிசிக்காக வேலைக்கு அனுப்பிடறாங்க, அங்கேர்ந்து அவ கிழவி ஆகற வரைக்கும் கதை. எழுதின சுகாகோ ஹாஷிடா நீள நீளமா வசனம் எழுதறதுக்கு பேர்போனவங்க. இப்ப பாத்தா கஷ்டத்துக்கு மேல கஷ்டமா அடுக்கறது கொஞ்சம் ஓவராத்தான் தெரியும், ஆனா அந்த குட்டிப் பொண்ணை தெப்பத்துல ஏத்தி ஆத்துல அனுப்பற காட்சி இருக்கே, நாப்பது வருஷம் கழிச்சும் அது வேலை செய்யுது. சின்ன வயசு பகுதியை மட்டுமாவது பாருங்க, மீதி உங்க பொறுமை.

ஆசாடோரா ஆறு மாசம் ஓடும் (ஓஷின் மாதிரி சிலது மட்டும் ஒரு வருஷம்). மத்தபடி சாதாரண டிராமான்னா பத்து இல்ல பதினோரு எபிசோட், அவ்ளோதான், மூட்டையைக் கட்டிடுவாங்க. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர்னு வருஷத்துக்கு நாலு தடவை டிவி மொத்தமா புதுசாகும். வருஷக்கணக்கா இழுக்கற சீரியலைப் பாத்து நொந்த ஆளுங்களுக்கு இது ஒண்ணே போதும் ஜப்பான் பக்கம் தாவறதுக்கு. கதை சுமாரா இருந்தாலும் மூணு மாசத்துல தொல்லை விட்டுது.

சரி, வாயாடி டிராமால ராஜான்னா ஹன்சாவா நாவோகிதான். 2013, டிபிஎஸ் சேனல், ஞாயித்துக்கிழமை ராத்திரி 9 மணி. கடைசி எபிசோட் டோக்கியோ வட்டாரத்துல 42.2 சதவீதம் ரேட்டிங். கதை என்னன்னா ஒரு பேங்க் ஆபீசர், ஒசாகா பிராஞ்சுல 50 கோடி யென் கடன் மோசடில போயிடுது, மேனேஜர் மொத்தப் பழியையும் இவன் தலையில கட்டறார், இவன் ஒவ்வொருத்தனா திருப்பி அடிக்கறான். இவ்ளோதான். கையெழுத்து, ஆடிட்டு, மீட்டிங் ரூம், லெட்ஜர், இதை வச்சு சண்டைப்படம் பாக்கற டென்ஷனை கொண்டு வந்திருக்காங்க. மூலக்கதை எழுதின ஜுன் இகெய்டோ பேங்க்ல வேலை பாத்தவர், அது நல்லாவே தெரியுது, பேங்க்குக்குள்ள எவன் எவன் முன்னாடி குனியணும்னு இருக்கற அந்த வரிசை எல்லாம் அச்சு அசல்.

ஆனா நடிப்பு? யம்மாடி. மசாட்டோ சகாய் கண்ணை உருட்டறதும் எதிர்ல டெருயுகி ககாவா கன்னத்து சதையெல்லாம் துடிக்க துடிக்க பேசறதும் மொதல்ல பாக்கறப்ப என்னடா இதுன்னு இருக்கும். போர்டு மீட்டிங்ல ககாவா மண்டி போட்டு தலையை தரையில வைக்கணும், அந்த முட்டி மடங்கறதுக்கு அவர் எடுத்துக்கற நேரம் இருக்கே, ஒரு காபி போட்டு குடிச்சுட்டு வரலாம். இதை ஓவர் ஆக்டிங்னு தள்ளிடறவங்க நெறைய பேர், எனக்கு அதுல உடன்பாடு இல்ல. இது கபுகி, முகத்தையும் உடம்பையும் பெருசாக்கி நடிக்கற ஜப்பானோட பழைய மேடை நாடகம். ககாவா கபுகி மேடைலயும் 2012லேர்ந்து நடிக்கறவர், வருமான வரி ஆபீசரா வர்ற அய்னோசுகே கடாவோகா அசல் கபுகி நடிகர், 2020ல வந்த ரெண்டாவது பாகத்துல இன்னும் ரெண்டு மூணு கபுகி ஆளுங்களை இறக்கினாங்க. முக்கியமான நேரத்துல கதையை நிறுத்தி முகத்தை நிறுத்திக் காட்டறது அவங்களுக்கு புதுசு இல்ல. அதே மாதிரி ஹன்சாவாவோட கதை அமைப்பும் பழசுதான், மிட்டோ கோமோன்னு 1969லேர்ந்து 2011 வரைக்கும் ஓடின சரித்திர தொடர்ல ஊர் ஊரா போற கிழவரோட ஆள் கிட்டத்தட்ட 45வது நிமிஷத்துல அவரோட முத்திரை பெட்டியை தூக்கி காட்டுவான், கெட்டவனெல்லாம் தொப்புன்னு விழுந்து கும்பிடுவான். ஹன்சாவா கோட் சூட் போட்ட அதேதான், முத்திரைக்கு பதிலா ஆவணம். முதல் பாகத்தோட முடிவு மட்டும் சொல்ல மாட்டேன், ஜெயிச்சவனுக்கு கம்பெனி என்ன குடுக்கும்னு தெரிஞ்சவங்க மட்டும்தான் அப்படி முடிக்க முடியும். ரெண்டாவது பாகம் எனக்கு பிடிக்கல. முதல்ல கத்தினது காரியத்தோட கத்தினாங்க, ரெண்டாவதுல கத்தறதுக்காகவே கத்தறாங்க.

சாப்பாட்டு டிராமா பக்கம் வருவோம், இது ஜப்பான்காரங்க தனியா பட்டா போட்டு வச்சிருக்கற ஏரியா. கோடோகு நோ குருமே, 2012லேர்ந்து டிவி டோக்கியோல சீசன் சீசனா வருது. கோரோன்னு ஒரு வியாபாரி, வேலைக்காக ஒரு ஏரியாவுக்கு போறார், பசிக்குது, கடை தேடறார், சாப்பிடறார், கிளம்பிடறார். வேற கதையே கிடையாது, சத்தியமா கிடையாது. யுடாகா மட்சுஷிகே ஆறடிக்கு மேல உயரமா, எவனாவது அடிக்க வந்தா பயப்படற மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு, ஒரு துண்டு கறியை வாயில போட்டதும் குழந்தை மாதிரி ஆயிடறார். இதுலயும் பாருங்க, ஆள் வாயைத் திறக்கறதே இல்ல, ஆனா மனசு ஓயாம பேசுது. "அடுத்து ஊறுகாயா, இல்ல சூப்பா"ன்னு போர்க்களத்துல படை நகத்தற மாதிரி யோசிச்சுட்டே சாப்பிடுவார். கடையெல்லாம் நிஜக் கடை, சாப்பாடும் நிஜ மெனு. கதையில கோரோ குடிக்க மாட்டார், ஆனா கடைசில மூலக்கதை எழுதின மசாயுகி குசுமி அதே கடைக்கு நேர்ல போய் பீரை பீர்னு சொல்லாம வேற ஏதோ பேர் சொல்லிக்கிட்டு ஒரு கிளாஸ் உள்ள தள்ளுவார், எனக்கு சில எபிசோட்ல அந்த துண்டுதான் பிடிக்கும். வரிசையா பாத்தா சலிச்சிடும், ஒண்ணு ரெண்டா பாக்கணும். 2025ல மட்சுஷிகேவே டைரக்ட் பண்ணி இதை படமாவும் எடுத்தார்.

ஷின்யா ஷோகுடோ இதுக்கு அப்படியே எதிர். ராத்திரி 12 மணிக்கு திறந்து காலையில 7 மணிக்கு மூடற ஒரு சின்ன கடை, மெனுல பன்னிக்கறி போட்ட மிசோ சூப் சாப்பாடு ஒண்ணுதான், ஆனா என்ன கேட்டாலும் சாமான் இருந்தா மாஸ்டர் செஞ்சு தருவார். ரவுடி வருவான், கிளப்ல ஆடற பொண்ணு வரும், கல்யாணம் ஆகாத மூணு ஃப்ரெண்டுங்க வரிசையா உக்காந்து ஒசாசுகே (டீ ஊத்தின சோறு) தின்னுட்டே ஊர் வம்பு பேசுவாங்க. கவோரு கோபயாஷி நடிச்ச மாஸ்டர் முகத்துல கண்ணுக்கு குறுக்கால ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும், வேற டிராமாவா இருந்தா அதுக்கு ரெண்டு எபிசோட் ஃப்ளாஷ்பேக் போட்டு அழ வச்சிருப்பாங்க, இங்க மூச்சு விட மாட்டாங்க. டிவில வந்தாலும் படத்தோட குணம் உள்ள டிராமா. 2009ல ஆரம்பிச்சது, 2016லேர்ந்து வந்த சீசன்கள் நெட்ஃப்ளிக்ஸ்ல மிட்நைட் டைனர்: டோக்கியோ ஸ்டோரீஸ்னு இருக்கு. எல்லா எபிசோடும் சமமா இருக்காது, சிலது வலுக்கட்டாயமா கண்ணுல தண்ணி வரவைக்கும், தாண்டிப் போயிடுங்க.

நிறைய பேசற டிராமா எல்லாமே ஹன்சாவா மாதிரி கத்தறதுன்னு நெனச்சுக்காதீங்க. ஜப்பான்ல டிவிக்கு எழுதறவங்களுக்குன்னே ரசிகர் கூட்டம் இருக்கு, நடிகர் யாருன்னு பாக்கறதுக்கு முன்னாடி திரைக்கதை யாருன்னு பாக்கற ஜனங்க. அகிகோ நோகி எழுதின அன்நேச்சுரல் (2018) போஸ்ட்மார்ட்டம் பண்ற ஒரு லேப்ல நடக்கற கதை, சடோமி இஷிஹாரா நடிச்ச டாக்டர் சின்ன வயசுல குடும்பத்தோட சாகடிக்கப்பட்டதுல தப்பிப் பொழச்சவ, அதை "குடும்பத்தோட தற்கொலை"ன்னு யாராவது சொன்னா ஒத்துக்கவே மாட்டா, கொலைன்னா கொலைன்னு சொல்லுங்கம்பா. பிணவறைக்கு பக்கத்து ரூம்ல உக்காந்து டெம்புரா சோறு அள்ளி அள்ளி சாப்பிடுவா, உயிரோட இருக்கறவங்க சாப்பிட்டாகணும்ங்கற பிடிவாதம் அது. பத்து எபிசோட்ல ஒண்ணு கூட வீண் இல்ல, எனக்கு தெரிஞ்சு மொதல் தடவை ஜப்பான் டிராமா பாக்கறவங்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

இன்னொருத்தர் யூஜி சகாமோட்டோ. இவர் எழுதின குவார்டெட் (2017) பத்தி பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன். நாலு பேர், தந்தி வாத்தியம் வாசிக்கறவங்க, பெரிய திறமை எல்லாம் இல்ல, கருயிசாவால ஒரு வீட்டுல ஒண்ணா தங்கறாங்க. முதல் எபிசோட்ல பொரிச்ச சிக்கன் தட்டு வருது, ரெண்டு பேர் கேக்காமலே எல்லாத்து மேலயும் லெமனை பிழிஞ்சு விட்டுடறாங்க, உடனே இஸ்ஸே தகாஹாஷிக்கு வருது பாருங்க கோவம். பிழிஞ்ச லெமனை திரும்ப எடுக்க முடியுமா, சிக்கனை கழுவ முடியுமா, இது போனா போனதுதான்னு ஒரு வாக்குவாதம். காமெடின்னு சிரிச்சுட்டு இருக்கோம். அப்பறம்தான் டகாகோ மட்சு தன் புருஷனைப் பத்தி சொல்றா, எத்தனையோ நாள் அவனுக்கு லெமன் பிழிஞ்சு குடுத்திருக்கா, ஒருநாள் அவன் வேற யார்கிட்டயோ எனக்கு லெமன் பிடிக்காதுன்னு சொல்றதை காதால கேட்டுட்டா. சிரிச்ச வாய் அப்படியே நின்னு போச்சு எனக்கு. அவ்ளோ நேரம் லெமனைப் பத்தி பேசினவங்க ஒரு கல்யாணத்தைப் பத்தி பேசிட்டு இருந்திருக்காங்க. பேச்சு ஜாஸ்தி, ஆனா விஷயம் பேச்சுக்கு அடியில ஓடுது, இதை டிவில பண்றது சாதாரணம் இல்ல. ரேட்டிங் ஒண்ணும் பிரமாதமா வரலைங்கறதுல எனக்கு ஆச்சரியமும் இல்ல, பாத்திரம் கழுவிக்கிட்டே பாத்தா இது பிடிபடாது.

அந்த வகையில 2022ல வந்த சைலன்ட் ஒரு நல்ல குறும்பு. காது கேக்காம போன பையன் காதலிச்ச பொண்ணுகிட்ட காரணம் சொல்லாம பிரிஞ்சு போறான், எட்டு வருஷம் கழிச்சு ஸ்டேஷன்ல பாத்துக்கறாங்க, அவன் கைகளால கொட்டித் தீக்கறான், அவளுக்கு ஒண்ணும் புரியல. பாதி டிராமா சைகை மொழில, கீழ சப்டைட்டில். வேற வேலை பாத்துக்கிட்டே காதால கேக்கவே முடியாது, ஜப்பான்லயே ஃபோனை கீழ வச்சுட்டு பாக்க வேண்டியதா போச்சு. எழுதின மிகு உபுகாடாவுக்கு இதுதான் முதல் தொடர். நடுவுல ரெண்டு மூணு எபிசோட் ஒரே இடத்துல சுத்துது, அந்த பையனா வர்ற ரென் மெகுரோ பேசாம நிக்கற வரைக்கும் நல்லா இருக்கார், அதுக்காக மன்னிச்சிடலாம்.

இப்ப படங்க. யசுஜிரோ ஓசுவோட டோக்கியோ ஸ்டோரி (1953) பத்தி எல்லாரும் எல்லாம் சொல்லிட்டாங்க, நான் ஒண்ணு மட்டும் சொல்றேன், வாழ்க்கை ஏமாத்தம்தான் இல்லையான்னு ஒரு சின்னப் பொண்ணு கேக்கறப்ப செட்சுகோ ஹாரா சிரிச்சுக்கிட்டே ஆமாம்பாங்க. டிராமாவா இருந்தா அங்க பியானோ வாசிச்சு கொன்னிருப்பாங்க.

எனக்கு உயிர் ஹிரோகாஸு கொரே-எடா. ஷாப்லிஃப்டர்ஸ் (2018) கான்ஸ்ல பெரிய விருது வாங்கினது, அதைத்தான் எல்லாரும் சொல்வாங்க, நல்ல படம்தான், ஆனா நான் கைய காட்டறது ஸ்டில் வாக்கிங் (2008). மூத்த பையன் கடல்ல மூழ்கப் போன ஒரு சிறுவனை காப்பாத்தி தான் செத்துப் போயிட்டான், ஒவ்வொரு வருஷமும் அவன் நினைவு நாளுக்கு குடும்பம் கூடும், பொழச்ச அந்த பையனையும் கூப்பிடுவாங்க, இப்ப அவன் குண்டா, சரியான வேலை இல்லாம, வேர்த்து விறுவிறுத்து வந்து மன்னிப்பு கேக்கற மாதிரியே உக்காந்திருப்பான். பாவமா இருக்கே இனிமே கூப்பிட வேணாமேன்னு இளையவன் அம்மாகிட்ட சொல்றான். அம்மாவா வர்ற கிரின் கிகி கையில நூல் பின்னிக்கிட்டே, குரலை ஒரு இம்மி கூட உசத்தாம, வருஷத்துக்கு ஒரு நாளாவது அவன் கஷ்டப்படட்டும்னுதான் கூப்பிடறேன்கற மாதிரி சொல்லிட்டு பின்னலைத் தொடருவாங்க. காலையில அதே அம்மாதான் சோளத்தை உதுத்து பொரிச்சு குடுத்து கொஞ்சினவங்க. ஹன்சாவால அத்தனை பேர் கத்தினதுல வராத பயம் இந்த ஒரு வரில வந்துச்சு எனக்கு.

ரியூசுகே ஹமாகுச்சியோட டிரைவ் மை கார் (2021) 179 நிமிஷம், கிட்டத்தட்ட 40 நிமிஷம் போனப்பறம்தான் டைட்டிலே போடுவான், தைரியம்தான். இதுல நாடக ஒத்திகை காட்சிங்க நெறைய, நடிகருங்க உணர்ச்சியே இல்லாம கடகடன்னு வசனத்தை படிக்கணும், டைரக்டரே நிஜத்துல நடிகருங்களை அப்படித்தான் படிக்க வைப்பாராம். அந்த இடம் எல்லாம் தூக்கம் வரும், ஒத்துக்கறேன், தாங்கிக்கோங்க. மொத்த படத்துலயும் மனசை பிசையற பேச்சு கடைசில மேடைல ஒரு பொண்ணு கொரிய சைகை மொழில பேசறது, தியேட்டர்ல பொட்டு சத்தம் கிடையாது. பெர்ஃபெக்ட் டேஸ் (2023) எனக்கு பாதி மனசுதான். பொதுக் கழிப்பறை கழுவறவரா வர்ற கோஜி யகுஷோ முகத்துக்காக எத்தனை தடவை வேணா பாக்கலாம், ஆனா டோக்கியோ ஷிபுயா வட்டாரத்துல பொதுக் கழிப்பறைகளை புதுசா டிசைன் பண்ணின திட்டத்தை வச்சு ஆரம்பிச்ச படம்ங்கறது தெரிஞ்சப்பறம் அந்த கழிப்பறையெல்லாம் அவ்ளோ பளபளன்னு இருக்கறது உறுத்துது, டோக்கியோல எவனும் அசிங்கம் பண்ண மாட்டானா என்ன.

டிராமாவும் படமும் சந்திச்ச இடம்னு ஒண்ணு சொல்லணும்னா மான்ஸ்டர் (2023). 1995க்கு அப்பறம் முதல் தடவையா கொரே-எடா வேற ஒருத்தர் திரைக்கதையை எடுத்து பண்ணின படம், எழுதினது நம்ம லெமன் ஆள் யூஜி சகாமோட்டோ, கான்ஸ்ல திரைக்கதைக்கு விருது. ஒரே சம்பவத்தை அம்மா, வாத்தியார், பையன்னு மூணு பேர் பக்கத்துலேர்ந்து சொல்லுது, டிவி ஆள் பின்னின முடிச்சு, சினிமா ஆள் அவசரப்படாம அவிழ்க்கறார். ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸா வர்றது யூகோ டனாகா, ஓஷின்ல வளந்த ஓஷினா நடிச்ச அதே டனாகா. மனசுல இருக்கறதை சொல்ல முடியாத பையன் கையில ட்ராம்போனை குடுத்து, சொல்ல முடியாததை இதுல ஊதிடுன்னு தானும் ஹார்னை எடுத்து ஊதுவாங்க, சுருதியே இல்லாம பேன்னு ஒரு சத்தம். அதே சத்தத்தை முன்னாடி வேற ஒருத்தர் கதையில கேட்டு என்னடான்னு நெனச்சிருப்போம். சகாமோட்டோ மட்டும் எடுத்திருந்தா அந்த இடத்துல ஒரு பக்க வசனம் இருந்திருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம். மூணாவது பகுதி மத்த ரெண்டையும்விட மெதுவா போகுது, சிலருக்கு அது ஏமாத்தம், எனக்கு அதுதான் படமே.

பிடிக்காதது? மாங்கான்னு சொல்ற ஜப்பான் காமிக்ஸை ஆளுங்களை வச்சு எடுக்கற படங்க. கலர் கலரா விக் ஒட்டி, காத்துல ஆடாத முடியோட நடுக்காட்டுல நின்னு கத்துவாங்க, 2015ல வந்த அட்டாக் ஆன் டைட்டனை பாதில நிறுத்தினவன் நான். ரூரோனி கென்ஷின் (2012) மட்டும் விதிவிலக்கு, டகேரு சட்டோ வாளோட ஓடற வேகத்துக்கு விக் எல்லாம் கண்ணுல படாது. அப்பறம் பாட்டுப் பாடற குழுலேர்ந்து ஒரு அழகான பையனை தூக்கிட்டு வந்து ஹீரோவாக்கறது, டாக்டரா போட்டாலும் வக்கீலா போட்டாலும் ஒரே முகம். இன்னொண்ணு, டிராமா நல்லா ஓடினா "மீதி தியேட்டர்ல"ன்னு முடிக்கறது, பத்து எபிசோட்ல முடிக்கற அந்த நல்ல குணத்தையே இது கெடுக்குது.

எங்க பாக்கறதுன்னா அதுதான் தலைவலி. ஜப்பான் சேனலுங்களோட ஆன்லைன் சர்வீஸ் அந்த நாட்டுக்கு வெளியில வேலை செய்யாது, வெளிநாட்டு ஸ்ட்ரீமிங்ல வர்றது ஒரு கைப்பிடி, பழைய நல்ல டிராமா பலதுக்கு ஒழுங்கான சப்டைட்டிலே கிடையாது. கிடைக்கறதை வச்சு சொன்னா வேகம் வேணும்ங்கறவங்க அன்நேச்சுரல், ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாக்கணும்னா ஷின்யா ஷோகுடோ, படம்னா ஸ்டில் வாக்கிங், அது பிடிச்சா மான்ஸ்டர். குவார்டெட்டை கடைசியா வச்சுக்கோங்க, ஹன்சாவா முதல் பாகம் லீவு நாள்ல ஒரே மூச்சுல. எதுவா இருந்தாலும் டப்பிங் மட்டும் வேணாம், கிரின் கிகியோட அந்த குரலை வேற யாராவது பேசிக் கேக்கறதுக்கு பாக்காமலே இருக்கலாம்.